வீட்டை வாடகைக்கு விட்டுட்டு ஊர் ஊரா கிளம்பப் போறோம்: நிஜமா இப்படி இருந்தவங்க யாராவது இருக்கீங்களா?

#1 தாமிரபரணி62 | 2025 நவம்பர் 22

வணக்கம். ரெண்டு வருஷமா வாசிக்கிறதோட சரி, எழுதுறது இதான் முதல் தடவை. வங்கியில 34 வருஷம் வேலை பார்த்துட்டு 2022ல ஓய்வு. எனக்கு 63, வீட்டம்மாவுக்கு 59. பாளையங்கோட்டையில சொந்த வீடு. பையன் பெங்களூர்ல, பொண்ணு கோயம்புத்தூர்ல.

நாங்க முடிவு பண்ணிட்டோம். வீட்டை வாடகைக்கு விட்டுட்டு, சாமான்ல பாதியை வித்துட்டு, ரெண்டு பெட்டியோட கிளம்பப் போறோம். ஊருக்கு ஒரு மாசம். மைசூர், காசி, ஹரித்வார், ஜூன்ல லடாக்ல இருக்குற லே, அப்புறம் துவாரகை, பூரி, ஷில்லாங். சர்வீஸ்ல இருந்தப்ப எல்.எஃப்.சி. (வங்கி தர்ற விடுமுறைப் பயணச் சலுகை) போட்டு அஞ்சு நாள்ல ஏழு ஊர் பார்ப்போம். பஸ் ஜன்னலும் ஓட்டல் ரிசப்ஷனும்தான் ஞாபகம் இருக்கு. இப்ப அப்படி இல்லாம, அந்தந்த ஊர்க்காரன் மாதிரி இருக்கணும். காலையில நடை, சந்தையில காய் வாங்கி ரூம்லயே சமையல், சாயந்திரம் ஆத்தங்கரை.

மாசம் 45,000 கணக்கு. ரூம் 15,000, சாப்பாடு 9,000, போக்குவரத்து 10,000, மருந்து, இதரம் 11,000. பென்ஷன்லயே அடங்கிடும்.

யூடியூப் எல்லாம் பார்த்தாச்சு, ட்ரோன்ல எடுத்த படமெல்லாம் போதும். வருஷக்கணக்குல இருந்தவங்க இருந்தா உள்ளதை உள்ளபடி சொல்லுங்க.

#2 பெட்டிபடுக்கை | நவம்பர் 22

நாங்க ரெண்டு பேரும் 2022–23ல பதினாலு மாசம் இப்படி இருந்தோம். வருத்தம் இல்லை. ஆனா திரும்ப அதே மாதிரி போவோமான்னு கேட்டா, மாட்டோம்.

முதல் மூணு மாசம் தேன். ஊர்ல இருக்குற எல்லாருக்கும் போட்டோ அனுப்பிட்டே இருந்தோம். ஆறாம் மாசம் பக்கம் ஒண்ணு புரிஞ்சது. புது ஊர்ல இறங்குனதும் முதல் நாலு நாள் எதுக்குப் போகுது தெரியுமா? குடிதண்ணி எங்க, மருந்துக்கடை எங்க, இந்த ரூம் கீசர் எப்படி வேலை செய்யுது, துவைச்ச துணியை எங்க காயப்போடறது. அது பழகி, பால்காரர் முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிக்கிறப்ப மாசம் முடிஞ்சிடும். திரும்பவும் மூட்டை கட்டணும்.

ஹரித்வார்ல டிசம்பர் மாசம். ஜன்னல் கம்பிக்கும் கதவுக் கொண்டிக்கும் நடுவுல கயிறு கட்டி துணி போட்டிருந்தோம். மூணு நாளா காயல. எழுந்து பாத்ரூம் போகணும்னா ஈரப் புடவைக்குக் கீழ குனிஞ்சுதான் போகணும். அன்னைக்கு வீட்டம்மா கட்டில் மேல நின்னு என் பேண்ட்டைத் திருப்பிப் போட்டுக்கிட்டே, "நம்ம மொட்டை மாடியில இப்ப என்ன வெயிலு அடிக்கும்"னு சொன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

இன்னொண்ணு, சிரிக்காதீங்க. வீட்டுல சண்டை வந்தா நான் முன் ரூமுக்குப் போயிடுவேன், அவங்க அடுக்களைக்குப் போயிடுவாங்க, ஒரு மணி நேரத்துல காபி வந்துடும். பத்துக்குப் பத்து ரூம்ல கோவிச்சுக்கிட்டுப் போய் உட்கார இடம் கிடையாது. ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல சுவத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்போம்.

செலவு: 45,000 சாத்தியம்தான். நாங்க சராசரியா 52,000 செஞ்சோம். காசியில பண்டிகை நாள்ல ரூம் வாடகை ரெண்டு மடங்காயிடும், அதைக் கணக்குல வைங்க. சத்திரங்கள் மலிவு, ஆனா அங்கல்லாம் நாள் கணக்குதான், மாசக் கணக்கு கிடையாது.

#3 ஊர்க்குருவி | நவம்பர் 22

அறுபதுக்கு மேல பேரப் பிள்ளைகளைக் கொஞ்சிக்கிட்டு கோயில் குளம்னு இருக்குறதை விட்டுட்டு எதுக்கு இந்த வேலை? வழியில ஏதாவது ஆச்சுன்னா பிள்ளைங்கதானே ஓடி வரணும்?

#4 அம்பத்தூர் அக்கா | நவம்பர் 22

@ஊர்க்குருவி, அவர் லிஸ்ட்ல பாதி கோயில்தான் சார். குளத்துக்கு கங்கையே இருக்கு.

#5 லோயர்பெர்த் | நவம்பர் 23

ரயில்வேயில் டிக்கெட் கவுண்டருக்கு உள்ளே முப்பது வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சில விஷயங்கள்.

மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை (ஆண்களுக்கு 40%, பெண்களுக்கு 50%) 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. பழைய நினைப்பில் பட்ஜெட் போடாதீர்கள். முன்பதிவுக் காலமும் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளில் இருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. "ஆறு மாதத்துக்கும் சேர்த்து இப்போதே டிக்கெட் போட்டு வைத்துவிடுவேன்" என்பது நடக்காது. தட்கலுக்கு 2025 ஜூலையில் இருந்து ஆதார் ஓ.டி.பி. வேண்டும். ஆதாரில் இருக்கும் மொபைல் எண் கையில் இருக்கும் எண்தானா என்று முதலில் பாருங்கள்.

கீழ்ப் படுக்கைக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. 60 வயதான ஆண், 45 வயதான பெண். ஒரு டிக்கெட்டில் தனியாகவோ இருவராகவோ இருந்தால்தான் அதில் வரும். மூன்றாவதாக மச்சினியைச் சேர்த்தீர்கள் என்றால் போச்சு, மூன்று பேரும் மேலே ஏற வேண்டியதுதான். கவுண்டரில் இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்!

பலருக்குத் தெரியாத ஒன்று, சுற்றுப்பயணச் சீட்டு. கிளம்பிய ஊருக்கே திரும்பி வரும்படி வழியைக் கொடுத்தால் மொத்தத் தூரத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்டாகக் கணக்கிடுவார்கள். அதிகபட்சம் எட்டு ஊர்களில் இறங்கலாம். தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்கான விலை குறையும் என்பதால் தனித்தனியாக எடுப்பதைவிட மலிவு. ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் இருக்கையைத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். சீட்டுக்குக் கால வரம்பு உண்டு, ஊருக்கு ஒரு மாதம் என்ற உங்கள் திட்டத்துக்கு இது சரிப்படாது. ஒரே மூச்சில் ஐந்தாறு ஊர் போவதற்குத்தான்.

டிசம்பர் கடைசியில் இருந்து ஜனவரி முழுக்க உத்தரப் பிரதேசத்தில் மூடுபனி. வண்டி ஆறு மணி நேரம், பத்து மணி நேரம் தாமதமாவது சாதாரணம். இணைப்பு வண்டியை அதே நாளில் போடாதீர்கள்.

#6 மருந்துப்பெட்டி | நவம்பர் 23

நாற்பது வருஷம் மெடிக்கல் ஷாப் நடத்தினேன், இப்ப பையன் பார்க்கறான். டாக்டர் இல்லை, அதை மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க.

மாத்திரைச் சீட்டுல பிராண்டுப் பேருக்குப் பக்கத்துல மருந்தோட மூலப் பேரையும் டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கோங்க. நம்மூர்ல எல்லாக் கடையிலயும் கிடைக்குற பிராண்டு அங்க இருக்காது. மூலப் பேர் இருந்தா மக்கள் மருந்தகத்துலயே மலிவா கிடைக்கும். இன்சுலின் போடறவங்களா இருந்தா, பயன்பாட்டுல இருக்குற பேனா பெரும்பாலும் 30 டிகிரிக்குள்ள நாலு வாரம் தாங்கும், அட்டைப் பெட்டியில போட்டிருக்கும் பாருங்க. மிச்சத்துக்குத்தான் ஃப்ரிட்ஜ். ரூம் பார்க்கும்போது ஃப்ரிட்ஜ் இருக்கான்னு முதல்ல கேளுங்க, ஏ.சி. ரெண்டாவது.

லே 3,500 மீட்டர் உயரம். விமானத்துல போனா ஒண்ணரை மணி நேரத்துல தூக்கிட்டுப் போய் அங்க இறக்கிடுவாங்க. முதல் ரெண்டு நாள் ரூமை விட்டு அசையக் கூடாது. கேதார்நாத் லிஸ்ட்ல இல்லை, ஆனா ஹரித்வார்ல ஒரு மாசம் இருந்தா யாராவது கிளப்பி விட்டுடுவாங்க. அது 3,583 மீட்டர். கௌரிகுண்டத்துல இருந்து நடைன்னா பதினாறு கிலோமீட்டர் ஏத்தம். பி.பி. இருந்தா கிளம்புறதுக்கு முன்னாடியே பார்த்துக்கணும், பாதி வழியில இல்ல.

இன்சூரன்ஸ்: வங்கி ஓய்வூதியர் குழுக் காப்பீடு வச்சிருந்தா எக்காரணம் கொண்டும் விட்டுடாதீங்க. தனி பாலிசிக்கு 65 வயசுங்கற தடை 2024 ஏப்ரல்ல போயிடுச்சு. ஆனா ஏற்கெனவே இருக்குற நோய்க்குக் காத்திருப்புக் காலம் மூணு வருஷம் வரைக்கும் வைக்கலாம். இன்னைக்கு எடுத்துட்டு நாளைக்குக் கிளம்பினா, சர்க்கரையால வர்ற எதுக்கும் அந்தக் காகிதம் உதவாது. சர்க்கரையை மறைச்சு எடுக்கறவங்க இருக்காங்க. கிளெய்ம் வர்றப்ப அழுவாங்க, என் கடையிலயே பார்த்திருக்கேன்.

#7 கொங்குக்காரன் | நவம்பர் 24

யாராச்சும் வண்டியப் பத்திப் பேசுவீங்கன்னு பாத்தனுங்க, ஒருத்தரும் வாயத் தொறக்கல. அந்தக் கூத்தையும் நாஞ்சொல்லிப்போடறேன்.

மில்லுல இருந்து ஓய்வாகி வந்த காசுல பழைய வேன் ஒண்ணு வாங்கி, உள்ளுக்குள்ள கட்டல், ஸ்டவ்வு, தண்ணித் தொட்டி எல்லாம் வெச்சமுங்க. வண்டியோட அமைப்ப மாத்துனா ஆர்.டி.ஓ.கிட்ட அனுமதி வாங்கி ஆர்.சி.ல ஏத்தோணும், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. அதுக்கே நாலு மாசம் அலைஞ்சனுங்க. லைசென்சும் 55 வயசுக்கு மேல புதுப்பிச்சா அஞ்சு அஞ்சு வருசத்துக்குத்தான் குடுப்பாங்க, டாக்டர் சர்ட்டிபிகேட்டோட.

சரி, கெளம்பியாச்சு. வெளிநாட்டு வீடியோவுல காட்டறாங்களே, ஏரிக்கரையில வண்டிய நிறுத்தி நாற்காலி போட்டு டீ குடிக்கறது? நம்ம நாட்டுல ஏரிக்கரையில நிறுத்துனா பத்து நிமிசத்துல ஊர்ச்சனம் பூராம் சுத்தி நிக்கும். "எந்த ஊருங்க, எத்தன ரூவா ஆச்சு, உள்ள பாக்கலாங்களா?" பாவம், நல்ல மனுசங்கதான், மோரெல்லாம் குடுப்பாங்க. ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு டார்ச் அடிச்சுப் போலீசு எழுப்பும். அதனால பெட்ரோல் பங்க்தான் கதி. லாரிங்களுக்கு நடுவுல படுத்துக்கோணும். காலையில பங்க் பையன்கிட்ட கக்கூஸ் சாவி வாங்கறதுக்கு நம்ம வீட்டுக்காரம்மா கையக் கட்டிட்டு நின்னத ஒரு நாள் பாத்தேன். முப்பத்தி ஆறு வருசம் குடும்பம் நடத்தி, மகளக் கட்டிக்குடுத்த மனுசி. அன்னைக்கே முடிவு பண்ணிட்டனுங்க. ஒம்பது மாசம், ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம் நட்டத்துக்கு வித்தேன். வாங்குனவரு அதுல இப்ப பிரியாணி விக்கறாருங்க. நல்லா ஓடுதாம்.

#8 வீட்டுச்சாவி | நவம்பர் 25

நான் இப்ப துவாரகையில இருந்துதான் எழுதறேன், அஞ்சாவது மாசம். கிளம்புறப்ப வீட்டைப் பூட்டியாச்சுன்னு நினைச்சோம். வீடு நம்மளை விடணுமே.

இந்த மாசம் 4ஆம் தேதி தமிழ்நாட்டுல வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் ஆரம்பிச்சு, வீடு வீடா படிவம் கொடுக்குறாங்க. எங்க வீடு பூட்டியிருக்கு. எதிர் வீட்டு அம்மா போன் பண்ணி, "உங்க பேரை எடுத்துடுவாங்க போலிருக்கே"ன்னாங்க. ஆன்லைன்ல போடலாம்னு உட்கார்ந்தா, ஆதார்லயும் வாக்காளர் அட்டையிலயும் பேர் ஒண்ணா இருக்கணும். என் மனைவிக்கு ஒண்ணுல அப்பா பேர் இன்ஷியல், இன்னொண்ணுல என் பேர். கடைசியில மச்சினன் திருவாரூர்ல இருந்து நேர்ல போய் படிவம் வாங்கிக் கொடுத்தார்.

பென்ஷன் உயிர்ச் சான்று மட்டும் இப்ப சுலபம். நவம்பர்ல வங்கி வாசல்ல நிக்க வேண்டாம், போன்ல முகத்தைக் காட்டினாலே முடிஞ்சுடுது. துவாரகையில கடல் காத்துல நின்னுக்கிட்டு உயிரோட இருக்கேன்னு நிரூபிச்சேன்.

பூட்டிப்போட்டா போர் மோட்டார் இறுகிடும். வாரம் ஒரு தடவையாவது யாராவது போட்டு விடணும். வாடகைக்கு விட்டா அந்தத் தொல்லை இல்லை. ஆனா பாதியில திரும்பணும்னா உங்க வீட்டுக்கே நீங்க போக முடியாது. மாடியோ பின்கட்டோ ஒரு ரூமை உங்களுக்குன்னு பூட்டி வச்சுட்டு மீதியை விடுங்க. நாங்க செய்யல. இப்ப கால் வீங்கி ஊருக்குப் போகலாமான்னு பேசறப்ப, எங்க போறதுங்கறதே கேள்வியா இருக்கு.

#9 அம்பத்தூர் அக்கா | நவம்பர் 25

தாமிரபரணி சார், உங்க முதல் பதிவை மூணு தடவை படிச்சேன். "நாங்க முடிவு பண்ணிட்டோம்"னு இருக்கு. வீட்டம்மா என்ன சொன்னாங்கன்னு ஒரு வரிகூட இல்ல.

அப்புறம் அந்த 9,000. ரெண்டு பேருக்கு மூணு வேளை, வெளியில சாப்பிட்டா இந்தக் காசுல நடக்காது. "ரூம்லயே சமையல்"னு எழுதியிருக்கீங்க. யார் சமைக்கறது? இண்டக்‌ஷன் அடுப்பை ஒரு ஸ்டூல் மேல வச்சு, பாத்ரூம் குழாயில அரிசி களைஞ்சு, பாத்திரத்தையும் அங்கயே கழுவி, யார்? உங்க கணக்கு அவங்க கைமேல நிக்குது சார். அந்தக் கை என்ன நினைக்குதுன்னு கேட்டீங்களா?

கிண்டலா சொல்லல. என் வீட்டுக்காரரும் இப்படித்தான் பத்து வருஷம் மேப் வச்சுக்கிட்டு இருந்தார். ரிட்டயர் ஆன எட்டாம் மாசம் போயிட்டார். நான் இப்ப வருஷத்துக்கு மூணு தடவை, தடவைக்கு மூணு வாரம் தனியா போறேன். அடுப்புப் பக்கமே போறதில்ல. அதுதான் எனக்குப் பயணம்.

#10 தாமிரபரணி62 | நவம்பர் 25

அக்கா, நீங்க சொல்றது கொஞ்சம் அதிகம். அவளுக்கும் ஆசை உண்டு. காசிக்குப் போகணும்னு இருபது வருஷமா சொல்லிட்டு இருக்கா.

#11 அம்பத்தூர் அக்கா | நவம்பர் 25

காசிக்குப் போகணும்னு சொன்னாங்க. காசியில போய்ச் சமைக்கணும்னு சொன்னாங்களா?

#12 பெட்டிபடுக்கை | நவம்பர் 26

😀 அண்ணாச்சி, பதில் சொல்லாம ஓடிராதீங்க.

கொச்சியில டீக்கடை வச்சிருந்த விஜயன் – மோகனா தம்பதியை எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். தினம் 300 ரூபாய் எடுத்து வச்சு, கடன் வாங்கி, இருபத்தஞ்சு நாட்டுக்கு மேல பார்த்தாங்க. 2021 நவம்பர்ல அவர் காலமானார், அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் ரஷ்யா போயிட்டு வந்தாங்க. எல்லாரும் அவங்களைச் சொல்லித்தான் "வேலையை விடு, வீட்டை விடு, கிளம்பு"ன்னு வீடியோ போடறாங்க. அவங்க கடையை விடவே இல்லையே! ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து டீ ஆத்திக் கடனை அடைச்சுட்டுத்தான் அடுத்த டிக்கெட்.

#13 தாமிரபரணி62 | நவம்பர் 29

கேட்டேன். நாலு நாளா நேரம் பார்த்து, நேத்து ராத்திரி சாப்பிட்டுட்டு இருக்கும்போதுதான் கேட்டேன். தோசைக் கரண்டியைக் கையில வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் என்னையே பார்த்தா. "இங்க நாலு பர்னர் இருக்கு, அங்க ஒண்ணு இருக்கும். வேற என்ன வித்தியாசம்?"னா.

இந்த இழை முழுக்க அவளே படிச்சுட்டா. கொங்குக்காரர் எழுதின சாவி விஷயத்தை ரெண்டு தடவை படிச்சா.

புதுத் திட்டம்: சாமானை விக்கல, வீட்டை முழுசா வாடகைக்கும் விடல. மாடி மட்டும் ஒரு நர்சுப் பொண்ணுக்கு வாடகை, மோட்டாரும் அது பார்த்துக்கும். ஜனவரியில காசி, நாப்பது நாள். சமையல் கிடையாது. சாப்பாட்டுக்கு 20,000. லேயை லிஸ்ட்ல இருந்து எடுத்தாச்சு.

#14 லோயர்பெர்த் | நவம்பர் 29

கன்னியாகுமரி – பனாரஸ் வாராந்திர வண்டி திருநெல்வேலி வழியாகத்தான் போகிறது. இன்றே போடுங்கள். இருவர் மட்டும். மச்சினி வேண்டாம்.

#15 தாமிரபரணி62 | 2026 பிப்ரவரி 24

போயிட்டு வந்துட்டோம். எல்லாருக்கும் நன்றி. கொஞ்சம் நீளமா எழுதறேன்.

வண்டி ஏழு மணி நேரம் லேட். லோயர்பெர்த் சொன்னது நினைவுல இருந்ததால யாரும் பதறல. அனுமான் காட் பக்கம் ரூம். அந்தத் தெருவுல தமிழ்க் குரல் காதுல விழுந்துட்டே இருக்கும், பாரதியார் சின்ன வயசுல இருந்த வீடும் அங்கதான். ரூம் மூணாவது மாடி, படி ஒவ்வொண்ணும் முழங்கால் உயரம். போட்டோவுல கங்கை தெரிஞ்சது, படி தெரியல. முதல் வாரத்துலயே அவளுக்கு முட்டி வலி. கீழ்த்தளத்துல ஜன்னல் இல்லாத ரூமுக்கு மாறினோம். கங்கை போச்சு, முட்டி தப்பிச்சது.

குளிர் பத்தி யாரும் சரியா சொல்லலியே! வெயில் பதினோரு மணிக்குத்தான் எட்டிப் பார்க்குது. பாதி நாள் போர்வையை விட்டு வெளியே வரல. பத்தாம் நாள், "டி.வி. இல்லாத வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு"ன்னு நான்தான் சொன்னேன், அவ இல்ல. எனக்குத்தான் பொழுது போகல. அவ படித்துறையில மண்குவளை டீயை வச்சுக்கிட்டு மூணு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பா. பக்கத்துல ஒரு தெலுங்கு அம்மா, ஒரு வங்காள அம்மா. மூணு பேருக்கும் பொதுவா ஒரு மொழி கிடையாது, பேச்சு மட்டும் நிக்காது. நான் போய் நின்னா, "நீங்க நடந்துட்டு வாங்களேன்"பா.

பொங்கல் அன்னைக்குக்கூட அடுப்பு பத்த வைக்கல. கச்சோரியும் ஜிலேபியும் சாப்பிட்டோம். என் மனசுக்கு என்னவோ போல இருந்தது, அவளுக்கு ஒண்ணும் இல்ல.

முப்பதாவது நாளோ முப்பத்தொண்ணாவது நாளோ, சந்தைப் பக்கம் நடந்தப்ப ஒரு தள்ளுவண்டி முன்னாடி நின்னுட்டா. ராம்நகர் கத்திரிக்காய். வெள்ளைப் பச்சையில, குழந்தை தலை அளவு. கையில எடுத்துத் தட்டிப் பார்த்தா, காம்பைத் திருப்பிப் பார்த்தா, திரும்ப வச்சுட்டா. நாலடி நடந்தவ மறுபடியும் போய் வாங்கிட்டு வந்தா. நான் வாயைத் திறக்கல. ரூம் வாடகைக்கு விட்ட வீட்டுக்கார அம்மாகிட்ட சைகையில கேட்டு, அவங்க அடுப்புல வச்சுச் சுட்டு, புளி கேட்டு வாங்கி, கொத்சு பண்ணினா. வீட்டுக்கார அம்மாவும் மருமகளும் தட்டோட வந்து உட்கார்ந்துட்டாங்க. எனக்குக் கடைசியாத்தான் கிடைச்சது, ரெண்டு கரண்டி.

செலவு நாப்பத்தொரு நாளுக்கு, ரயில் போக, 61,000. வந்து இறங்கினதும் அவ முதல்ல செஞ்சது, துணி மொத்தத்தையும் துவைச்சு மொட்டை மாடியில போட்டது.

அடுத்து செப்டம்பருக்கு மேல பூரி போகலாம்கறா. இந்தத் தடவை அவளே சொன்னா. கீழ்த்தள ரூம், ஜன்னலோட. யாருக்காவது தெரியுமா?

#16 பெட்டிபடுக்கை | பிப்ரவரி 24

சுவர்க்கத்வார் பக்கம் எடுக்காதீங்க, ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் சத்தம். சக்ரதீர்த்தா ரோடு பக்கம் பாருங்க, கொஞ்சம் அமைதி. அக்டோபர்ல துர்கா பூஜைக்கு வங்காளமே பூரிக்கு வந்துடும், அதுக்கு முன்னாடியோ அப்புறமோ போங்க. கோயிலுக்கு ஆட்டோ போதும். ரூம் பார்க்குறப்ப போட்டோவை நம்பாம, படி எத்தனைன்னு போன்லயே கேட்டுடுங்க.

#17 அம்பத்தூர் அக்கா | பிப்ரவரி 25

அந்தக் கொத்சுக்குப் பச்சை மிளகாயா, காய்ஞ்ச மிளகாயா? வீட்டம்மாவைக் கேட்டுச் சொல்லுங்க.